நிலநடுக்கமானிகளின் வழியே வந்த வலை: லில்லெஸ்ட்ரோமும் இணையப் பழக்கங்களின் முன்வரலாறும்

நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், நிட்டெல்வா ஆற்றங்கரையில் அமைந்துள்ள லில்லெஸ்ட்ரோம், ஆற்றில் மிதந்து வந்த மரங்களை அறுத்த ஆலைகளாலும், 1854-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாட்டின் முதல் இருப்புப்பாதையாலும் ஊராக வளர்ந்த இடமாகும். நகரம் என்ற தகுதி அதற்கு 1998-இல்தான் கிடைத்தது. 2020-இல் அண்டைப் பகுதிகள் ஒன்றிணைக்கப்பட்டபோது உருவான பெரிய நகராட்சிக்கும் அதன் பெயரே சூட்டப்பட்டது. ஊரை ஒட்டி வடக்கே உள்ள ஷெல்லரில் 1912 முதல் இராணுவ விமானத்தளம் இருந்து வந்ததால், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும், 1948-இல் அணு ஆற்றல் நிறுவனமும், பின்னர் தொலைத்தொடர்பு நிர்வாகத்தின் ஆராய்ச்சிக் கூடமும் அங்கேயே அடுத்தடுத்து இடம்பிடித்தன. இணையம் மனித உணர்ச்சிகளை என்ன செய்கிறது என்று இன்று பேசுவோர் சமூக ஊடகங்களிலிருந்தே பேச்சைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் காத்திருக்க முடியாத படபடப்பும், முகம் பார்த்திராதவரிடம் எடுத்துக்கொள்ளும் உரிமையும், சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்படுமோ என்ற தயக்கமும், அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் ஆவலும் அந்த ஊடகங்களுக்கு மிகவும் முற்பட்டவை. அவற்றின் வரலாற்றை எழுத முற்படுபவர் இந்தச் சிற்றூர் வழியாகப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும்.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருப்பது அச்சம். 1963-ஆம் ஆண்டின் அணுச் சோதனைத் தடை உடன்பாடு வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் நடத்தப்படும் வெடிப்புகளைத் தடுத்ததே ஒழிய, நிலத்துக்கடியில் நடப்பவற்றைத் தொடவில்லை. ஆதலால் சோவியத் ஒன்றியம் எங்கே, எவ்வளவு பெரிய வெடிப்பை நடத்துகிறது என்பதை நில அதிர்வைக் கொண்டே அறிய வேண்டிய நிலை அமெரிக்காவுக்கு ஏற்பட்டது. அதற்காக 1968-இல் அமெரிக்காவும் நார்வேயும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தெற்கு நார்வேயில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பரப்பில் 22 துணைத் தொகுதிகளாக நிலநடுக்கமானிகள் புதைக்கப்பட்டன. பல இடங்களில் ஒரே நேரத்தில் பதிவாகும் அதிர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அலை வந்த திசையைக் கணிக்கும் இத்தகைய அமைப்பு 'அதிர்வுமானி அணி' எனப்படும். நோர்சார் என்ற பெயர் பெற்ற இந்த அணியின் தரவு மையம் ஷெல்லரில் அமைந்தது. நிலத்தின் நடுக்கத்தை அங்கே கணிப்பொறிகள் இரவுபகலாகப் பதிவுசெய்ய, அந்தப் பதிவுகள் வர்ஜீனியாவில் இருந்த அதிர்வுத் தரவு ஆய்வு மையத்துக்குச் செயற்கைக்கோள் தடம் ஒன்றின் வழியாக அனுப்பப்பட்டன. பின்னாளில் உலகமே புழங்கவிருந்த வலை முதன்முதலாக அமெரிக்காவுக்கு வெளியே கால்வைத்ததற்கு, ஏற்கெனவே வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த இந்தத் தடமே காரணம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான ஆர்ப்பா, 1969 முதல் தன் நிதியில் இயங்கிய பல்கலைக்கழகக் கணிப்பொறிகளை இணைத்து நடத்திவந்த வலை ஆர்ப்பாநெட் ஆகும். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி, கிடைத்த வழியில் அனுப்பி, சேருமிடத்தில் மறுபடி கோர்ப்பது அதன் முறை. லாரி ராபர்ட்ஸும் பாப் கானும் இந்த வலையை ஐரோப்பாவுக்கு நீட்டிக்க விரும்பியபோது, புதிய கடல்கடந்த தடம் ஒன்றுக்குப் பெருஞ்செலவு செய்யத் தேவையில்லாத இடம் ஷெல்லர்தான் என்பது தெளிவாயிற்று. ஸ்வீடனின் மேற்குக் கரையில் தானும் என்னுமிடத்தில் நோர்டிக் நாடுகள் கூட்டாக நடத்திய தரை நிலையத்திலிருந்து அட்லாண்டிக் மேலிருந்த செயற்கைக்கோளுக்கும், அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவின் ஈட்டம் நிலையத்துக்கும் பாதை போயிற்று. 1973 ஜூன் மாதம், ஹனிவெல் 316 என்ற சிறுகணிப்பொறியைக் கொண்டு செய்யப்பட்ட 'டிப்' என்னும் கருவி நோர்சார் கட்டடத்தில் நிறுவப்பட்டது. தனக்கென்று பெரிய கணிப்பொறி இல்லாதவரும் ஒரு முனையத்தை, அதாவது விசைப்பலகையும் அச்சிடும் பகுதியும் கொண்ட பொறியை, நேரடியாக வலையில் செருகிக்கொள்ள உதவுவதே அதன் வேலை. வலையில் அதற்குக் கிடைத்த எண் 41. சில வாரங்களில் ஷெல்லரிலிருந்து லண்டனுக்கு ஒரு தரைத் தடம் இழுக்கப்பட்டு, பீட்டர் கிர்ஸ்டைன் பொறுப்பில் இருந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முனை 42-ஆவதாகச் சேர்ந்தது. தடத்தின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், இன்று கைப்பேசியில் எடுக்கப்படும் ஒரே ஒரு நிழற்படம் அதில் கடந்துபோக முக்கால் மணி நேரமாவது பிடித்திருக்கும்.

நார்வேயில் இதை வரவேற்றுக் கொண்டாடியவர்கள் மிகக் குறைவு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் இங்வார் லுண்ட் என்ற பொறியாளரும், அணு இயற்பியலில் பயின்று வந்த பால் ஸ்பில்லிங்கும், அவர்களோடு சிலரும் மட்டுமே இதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டனர். அவர்களுக்குக் கிட்டிய அனுபவத்தின் தன்மை, பிற்காலப் பழக்கங்களைப் புரிந்துகொள்ள உதவுவதால் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. அக்காலக் கணிப்பொறிகளில் ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால் அது உடனே தாளில் விழுவதில்லை. எழுத்து தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் சென்று, அது பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் திருப்பி அனுப்பிய பிறகே முனையத்தில் அச்சாகும். இதற்கு 'எதிரொலிப்பு' என்று பெயர். செயற்கைக்கோள் புவியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றதால், மேலே ஏறிக் கீழே இறங்க ஒரு வழிக்கே கால் நொடி. போய்வர அரை நொடிக்கு மேல். ஷெல்லரில் ஒருவர் தம் பெயரைத் தட்டச்சு செய்தால், விரல் நான்காவது எழுத்தில் இருக்கையில் முதலெழுத்து தாளில் விழும். தட்டியது போய்ச் சேர்ந்ததா, மறுபடி தட்டலாமா என்ற ஐயம் விரல்நுனியிலேயே குடியேறிவிடுகிறது. இரண்டாம் முறை தட்டினால் எழுத்து இரட்டித்துவிடும். இத்தகைய தாமதங்களைச் சமாளிக்கவே டேவ் கிராக்கரும் ஜான் போஸ்டலும் 1973-இலேயே எதிரொலிப்பை அருகிலுள்ள கருவியே செய்துகொள்வதற்கான நெறிமுறை ஒன்றை முன்மொழிந்தனர். அரை நொடியைப் பொறுக்கமாட்டாத மனம் இணையம் விரைவானதால் பிறந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இந்த முன்மொழிவு மறுக்கிறது. வலை ஆமை வேகத்தில் நகர்ந்த நாளிலேயே அந்த மனம் இருந்தது, அதற்கு விடைசொல்லப் பொறியாளர்கள் அன்றே கூடி உட்கார்ந்தார்கள்.

வலையை உருவாக்கியவர்கள் தொலைவிலுள்ள கணிப்பொறிகளின் ஆற்றலைப் பகிர்ந்துகொள்வதற்காக அதைத் திட்டமிட்டார்கள். பயன்படுத்தியவர்களோ கடிதம் எழுதினார்கள். ரே டாம்லின்சன் 1971-இல் '@' குறியைக் கொண்டு ஆளையும் பொறியையும் பிரித்தெழுதும் முறையைத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், வலையின் போக்குவரத்தில் நான்கில் மூன்று பங்கு மின்னஞ்சல் என்று ஆர்ப்பாவின் ஆய்வு கண்டது. (டிப் கருவிக்கு '@' என்பது கட்டளையின் தொடக்கக் குறியாக இருந்ததால், அதன் வழியே எழுதுவோர் அக்குறியை இருமுறை தட்ட வேண்டியிருந்தது என்பது இக்கதையின் சின்னதொரு வேடிக்கை.) இக்கடிதங்களின் மொழியை முதலில் கூர்ந்து கவனித்தவர்கள் லிக்லைடரும் ஆல்பர்ட் வெஸாவும் ஆவர். 1978-இல் வெளியான கட்டுரையில் அவர்கள் எழுதியதன் சாரம் இது: வலையில், வயதிலும் பதவியிலும் மூத்தவருக்கு, அதுவும் நன்கு அறிமுகமில்லாதவருக்கு, சுருக்கமாகவும் எழுத்துப்பிழைகளோடும் எழுதலாம், பெறுபவர் அதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. கடிதத்தின் முறைமையும் தொலைபேசியின் உடனடித் தன்மையும் இல்லாத ஓர் இடைவெளி இவ்வாறு திறந்தது. மகிழ்ச்சி தரும் அந்த இடைவெளியிலேயே அதன் இடரும் இருந்தது. குரலும் முகமும் அற்ற வரியில் கேலி எது, கோபம் எது என்று பிரித்தறிய முடியாமல் சண்டைகள் மூண்டன. 1979 ஏப்ரலில் கெவின் மெக்கன்சி என்பவர், சொன்னது விளையாட்டுக்கே என்று காட்டச் சிறுகோட்டையும் அடைப்புக்குறியையும் சேர்த்து எழுதலாமே என்றார். பலர் அவரை எள்ளினர். 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னபோதோ அது நிலைத்துவிட்டது. எரிச்சலும் அக்காலத்துக்கு உரியதே: 1978 மே மாதம் ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனையாளர் தம் புதிய பொறிகளைப் பற்றிய அறிவிப்பை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பியதும், விளம்பரம் தம் தனி இடத்துக்குள் புகுந்துவிட்டதாக வலைவாசிகள் கொதித்தெழுந்தார்கள். அவர்களில் எவரும் அந்த வலைக்குச் சொந்தக்காரர் அல்லர்; ஆயினும் வீட்டுக்குள் அயலார் நுழைந்தாற்போலவே நடந்துகொண்டனர்.

1976 மார்ச் 26 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி இங்கிலாந்தின் மால்வர்னில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் தம் முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது, அவருக்காக ஒதுக்கப்பட்ட பயனர்ப் பெயர் எச்எம்இ2. லண்டன் முனை அமெரிக்க வலையோடு ஷெல்லர் வழியாகவே இணைந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு நவம்பர் 22 அன்று, சான் பிரான்சிஸ்கோ அருகே ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் வானொலியிலிருந்து புறப்பட்ட பொட்டலங்கள் ஆர்ப்பாநெட் வழியாக நார்வேக்கும், லண்டனுக்கும், மறுபடி செயற்கைக்கோள் ஏறி அமெரிக்காவுக்கும் சென்று லாஸ் ஏஞ்சலிஸில் முழுமையாகச் சேர்ந்தன. வெவ்வேறு இயல்புடைய மூன்று வலைகளை ஒரே நெறிமுறையால் கோர்க்க முடியும் என்று இச்சோதனை மெய்ப்பித்தது. பொட்டலங்கள் போய்வந்த தொலைவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் என்றும், ஒரு துணுக்குகூடத் தொலையவில்லை என்றும் இச்சோதனையில் முன்னின்ற வின்ட் செர்ஃப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உணர்ச்சிகளின் வரலாற்றில் இதற்குரிய இடம் சிறிதே. எனினும் அனுப்பியது சேரும் என்ற நம்பிக்கை இல்லாமல் மற்றவை எதுவும் வளர்ந்திருக்க முடியாது.

கைப்பேசிக் குறுஞ்செய்தியின் பிறப்பிலும் நார்வேக்குப் பங்குண்டு. ஐரோப்பிய நாடுகள் கூடி வகுத்த ஜிஎஸ்எம் தரத்தில், ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தலைமையிலான குழுவின்கீழ், 1987 முதல் செய்திச் சேவையின் விதிகளை எழுதிய துணைக்குழுவை நடத்தியவர் நார்வேயின் தொலைத்தொடர்பு நிர்வாகத்தைச் சேர்ந்த ஃபின் ட்ரோஸ்பி. பேச்சுக்கான தடத்தைத் தொடாமல், அழைப்புகளை ஏற்பாடு செய்வதற்கென்று இருந்த சைகைத் தடத்தின் ஓய்வு நேரத்தில் செய்தியை நுழைப்பது ஏற்பாடு. அதில் 140 பைட்டுகளுக்கே இடமிருந்ததால், ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள் என்ற கணக்கில் 160 எழுத்துகள் கிடைத்தன. இதைக் கொண்டு மக்கள் காதல் சொல்வார்கள், ஊடுவார்கள், பிரிவார்கள் என்று அக்குழுக்களில் எவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இக்கணக்கு தமிழருக்கு வேறுவிதமாக வந்து விடிந்தது. ரோமன் எழுத்தல்லாத செய்திகளுக்கு ஓர் எழுத்துக்குப் பதினாறு பிட்டுகள் தேவைப்பட்டதால் வரம்பு 70-ஆகச் சுருங்கியதோடு, புள்ளியும் கொம்பும் துணைக்காலும்கூடத் தனித்தனி எழுத்துகளாக எண்ணப்பட்டன. 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்ற இரண்டு சொற்களே வரம்பின் மூன்றிலொரு பங்கை விழுங்கிவிடும். கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவும் இல்லாத அந்நாளில், தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் 'தங்கிலீஷ்' பழக்கம் ஒரு தலைமுறையின் அன்பையும் கோபத்தையும் தாங்கும் எழுத்தாகிப்போனதற்குச் சோம்பலைக் காரணமாகக் காட்டுவது நியாயமன்று. 140 பைட்டுகளையும் காரணமாகச் சேர்க்க வேண்டும். தீபாவளியன்றும் புத்தாண்டன்றும் சலுகைப் பொதிகள் செல்லாது, ஒவ்வொரு செய்திக்கும் முழுக் கட்டணம் என்று இந்தியத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்த விதியால், வாழ்த்தை முதல்நாளே அனுப்பி முடிக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

ஷெல்லரின் அடுத்த பங்களிப்பு தமிழ்நாட்டின் தெருக்களுக்கே வந்து சேர்ந்த ஒன்று. டெலினோர் என்ற பெயரைப் பெறவிருந்த தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில், யோன் ஸ்டீஃபென்சன் ஃபான் டெட்ஸ்னரும் கெய்ர் இவார்சேயும் 1994-இல் தொடங்கிய உலாவித் திட்டம், மறு ஆண்டு ஓபரா என்ற தனி நிறுவனமாயிற்று. ஒரே ஒரு நெகிழ்வட்டில் அடங்கிய அந்த மென்பொருள், ஒரு சாளரத்துக்குள் பல பக்கங்களை ஒருங்கே திறந்துவைக்கும் வசதியைத் தொடக்கத்திலிருந்தே தந்தது. ஒன்றைப் படித்துக்கொண்டே மற்றொன்றை ஏற்றி வைப்பது மெதுவான தொலைபேசிக் கம்பியில் நேரத்தை மிச்சப்படுத்திய நல்ல உத்திதான்; அதே உத்தி, படித்து முடிக்காத பக்கங்களைக் குவித்து வைத்து அவற்றைப் பார்த்துக் குற்றவுணர்வு கொள்ளும் பழக்கத்துக்கும் வாசல் திறந்தது. 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிடப்பட்ட ஓபரா மினி, பக்கங்களை முதலில் தன் வழங்கிக் கணிப்பொறியில் பெற்றுச் சுருக்கி, அதன் பிறகே கைப்பேசிக்கு அனுப்பியது. கிலோபைட் கணக்கில் காசு கழிந்த நாளில் அது பெரிய உபகாரம். அதன் முகவரிப் பட்டியில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று தட்டினால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டலாமா என்று கேட்கும் வரியில் 'ஆம்' என்று மாற்றிவிட்டால், எழுத்துருவே இல்லாத சாதாரண நோக்கியாவிலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தவை தமிழாகிவிடும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் இளைஞரிடையே ஒருவர் மற்றொருவருக்குக் கைப்பேசியை வாங்கிச் செய்துகொடுத்த இந்தச் சிறு மாற்றம், பேருந்தில் நின்றபடி தாய்மொழியில் படிக்கும் இன்பத்தை முதன்முதலாகப் பலருக்கு அளித்தது. அந்த எழுத்துகளின் உருவம் தொலைதேசத்து வழங்கி ஒன்றில் வரையப்பட்டு வந்ததை அவர்கள் அறிந்திருக்கத் தேவையில்லை.

இணையப் பழக்கம் ஒன்று மனத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அளந்து காட்டிய அரிய நிகழ்வும் நார்வேயில்தான் நேர்ந்தது. அந்நாட்டில் ஒவ்வொரு குடிமகனின் வருமானமும் செல்வமும் செலுத்திய வரியும் அடங்கிய பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ள மரபு. வரி ஏய்ப்பைத் தடுக்கவும் ஆட்சியின்மீது நம்பிக்கையை வளர்க்கவும் அது உதவும் என்பது கொள்கை. ஆனால் காகிதப் பட்டியலின் காலத்தில், லில்லெஸ்ட்ரோமில் ஒருவர் அண்டை வீட்டாரின் வருமானத்தை அறிய விரும்பினால் அலுவலகம் வரை நடந்து, பிறர் காணப் பட்டியலைப் புரட்ட வேண்டியிருந்தது. சட்டம் அனுமதித்ததைக் கூச்சம் தடுத்தது. 2001 இலையுதிர் காலத்தில் செய்தித்தாள்கள் முழுப் பட்டியலையும் இணையத்தில் தேடத்தக்க வடிவில் வைத்ததும் அந்தக் கூச்சத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நண்பர், உறவினர், முன்னாள் காதலர், மேலதிகாரி என்று பெயரிட்டுத் தேடுவது ஆண்டுதோறும் ஒரு பருவத்துப் பொழுதுபோக்காயிற்று. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது பட்டியலை அடையும் வழி மட்டுமே.

பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ பெரெஸ்-துருக்லியா, பல ஆண்டுகளாக நார்வேயில் நடத்தப்பட்டு வந்த வாழ்க்கை நிறைவுக் கணக்கெடுப்புகளை இந்த மாற்றத்தோடு பொருத்திப் பார்த்து, 2020-இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில், 2001-க்குப் பிறகு வருமானம் மிக்கோருக்கும் குறைந்தோருக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 விழுக்காடும், வாழ்க்கை நிறைவில் இருந்த இடைவெளி 21 விழுக்காடும் கூடியதாகக் கணித்துள்ளார். எவருடைய சம்பளமும் இதனால் கூடவோ குறையவோ இல்லை. தாம் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்ற அறிவும், தம்மைப் பிறர் எந்தப் படியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்ற உணர்வுமே கூடின. பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் கேலிக்கு ஆளாவதாக எழுந்த புகார்களும் இதற்குத் துணைநின்றன. 2011 முதல் தேடுவோர் அடையாள எண்ணோடு நுழைய வேண்டும் என்ற விதி வந்தது. 2014 முதல், யார் தம்மைத் தேடினார் என்பதைத் தேடப்பட்டவரும் பார்க்கலாம் என்றாயிற்று. பட்டியல் முன்போலவே எல்லாருக்கும் திறந்திருக்க, தேடல்களின் எண்ணிக்கை மட்டும் முன்பிருந்ததன் சிறு பங்காகச் சரிந்தது. அலுவலக மேசையில் பிறர் காணப் புரட்டிய காலத்துக் கூச்சத்தை, கணிப்பொறியின் ஒரு வரி நிரல் மீட்டுக்கொடுத்துவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

எனினும் ஆவல் அடங்கிவிட்டதாகக் கருத இடமில்லை. செய்தியாளர்கள் இன்றும் வரித்துறையிடமிருந்து பட்டியலைப் பெறுகின்றனர். முழுப் பட்டியலையும் இணையத்தில் வைக்க அவர்களுக்கு அனுமதி இல்லையாயினும், ஒவ்வோர் ஊரிலும் அதிக வருமானமும் செல்வமும் உடையவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் அச்சிடுகின்றனர். அந்தப் பக்கத்தைப் படித்தவர் யார் என்ற தகவல் எவருக்கும் அனுப்பப்படுவதில்லை.